மடி கொடுக்க வந்தவன்

சிவப்பிரகாஷின் இருதயத்துக்குக் கொள்ளுப்பருப்பு பிடிக்கும் என்று அந்த வீட்டில் முடிவானது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

இருதயம் அப்போது மணிகண்டன் என்கிறவனின் நெஞ்சுக்குள் இருந்தது. மணிகண்டன் மூணாற்றுக்கு மேலே ஒரு எஸ்டேட் லயத்திலிருந்து மனைவியோடு பஸ் மாறிப் பஸ் மாறி வந்து, எலப்புள்ளிக்குக் கிழக்கே மாரப்பனின் வீட்டுக் கூடத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கி விட்டிருந்தான். முத்தாத்தாள் மூன்றாவது கரண்டிக் கொள்ளுப்பருப்பை அவன் சோற்றில் ஊற்றினாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிசைந்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

“பாருங்க,” என்றாள் முத்தாத்தாள் புருஷனிடம். “எம் பையன் மூடறாப்பலயே மூடறான் பாருங்க.”

மாரப்பன் பார்த்தார். மகள் கௌசிகா பார்த்து மூக்கை உறிஞ்சினாள். மருமகன் பூபதிராஜா போனைத் தூக்கிப் படம் எடுத்தான். மோர்ச் சொம்போடு சமையற்கட்டு வாசலில் நின்ற செல்வப்பிரியாவும் பார்த்தாள்.

அவள் சிவப்பிரகாஷின் மனைவி. கொள்ளுப்பருப்பைச் சாப்பிடும்போது அவன் கண்ணை மூடுவான் என்பது உண்மைதான். கஷாயம் குடிக்கிற பிள்ளை மூடுவது போல மூடுவான். கொள்ளின் வாசனையே அவனுக்குக் குமட்டும். அம்மா ஆசையாக ஊற்றுகிறாளே என்று விழுங்கிவிட்டு, நேராக அறைக்கு வந்து, “ஒரு துண்டு வெல்லம் குடு புள்ள, வாயெல்லாம் என்னமோ மாதிரி இருக்குது” என்பான். கல்யாணமான நாள் முதல் செத்துப்போகும் வரைக்கும் இதுதான் நடந்தது. அவனைப் பெற்றவளுக்கு அது தெரியாது. இப்போது மூணாற்றிலிருந்து வந்தவன் அதையே ருசித்துச் சாப்பிடுகிறான், அதனால் அவன்தான் இவன். செல்வப்பிரியா மோரை வைத்துவிட்டு உள்ளே போனாள். பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறவள் அவள். தண்ணீரே கலக்கவில்லை என்று தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறவர்களைத் தினமும் காலையில் பார்க்கிறவள். அவளுக்கு முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளப் பழக்கம் இருந்தது.

சிவப்பிரகாஷ் செத்தது அதற்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்பு, ஐப்பசி மழையில். கஞ்சிக்கோட்டில் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து, சட்டையில் ஒட்டியிருக்கும் எதையோ வழக்கம்போலத் தட்டிவிட்டுக்கொண்டு வண்டியை எடுத்திருப்பான். ஹைவேயில் லாரி. திருச்சூர் ஆஸ்பத்திரியில் மூளை செத்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அது மெஷின் என்றார்கள். ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவயவதானம், உறுப்புகளைத் தானமாகக் கொடுப்பது பற்றி மெதுவான மலையாளத்தில் கேட்டாள். எப்போதோ டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது சிவப்பிரகாஷ், “எனக்கு ஏதாச்சும் ஆனா எடுத்துக் குடுத்துரு, மண்ணுக்குள்ள போட்டு எனத்தப் பண்றது” என்று சொல்லிவிட்டுச் சானல் மாற்றியிருந்தான். செல்வப்பிரியா காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, ஒப்பிட்டுக் கொடுத்தாள்.

அன்றைக்கு மாரப்பன் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “எம் பையனக் கூறு போடச் சொல்லிக் குடுத்துட்டா.” அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவளிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட, “தண்ணி கேக்கறேன்னு சொல்லு” என்று முத்தாத்தாளிடம் சொல்வார், அவள் எதிரிலேயே நின்றுகொண்டு.

கௌசிகாதான் கண்டுபிடித்தாள். அந்த நாளில் இருதயப் பெட்டியோடு ஆம்புலன்ஸ் எறணாகுளத்துக்குப் பறந்ததை ஏதோ சானல் காட்டியிருந்தது. பிறகு மாற்றி வைத்துக்கொண்ட ஆளின் பேட்டியும் வந்தது. இருதயம் வீங்கிப்போய், இனி பிழைக்க மாட்டான் என்று விட்டுவிட்ட தேயிலைத் தொழிலாளி. பேட்டியில் அவன் கும்பிட்டபடி, “அந்தக் குடும்பத்துக்கு நான் மகன் மாதிரிங்க” என்றான். இப்படிச் சொல்கிறவர்கள் எல்லாருமே சொல்கிற வாக்கியம்தான். கௌசிகா அதைப் பத்துத் தடவை ஓட விட்டாள். கடைசியில் இருக்கிற ‘ங்க’ அவள் காதில் விழுந்தது.

“கேட்டியாம்மா, ‘ங்க’ போடறான். மலைக்காரங்க ‘ங்க’ போட மாட்டாங்க. அண்ணன் பேசறாப்பலயே இருக்குது.”

அவ்வளவுதான். கூறு போட்டவள் என்ற பேச்சு அன்றோடு வீட்டில் நின்றது. ஆனால், நீ செய்தது சரி என்று யாரும் சொல்லிவிடவில்லை. சாமி கருப்பராயன் காட்டிய வழி என்றார்கள். ஒப்பு அவளுடையது, புண்ணியம் கருப்பராயனுடையது.

முதல் தடவை அவன் வந்தபோது சாட்சிகள் வரிசையாக வந்தன. வழி கேட்காமல் வீட்டுக்கு வந்துவிட்டான். கௌசிகா லொகேஷன் அனுப்பியிருந்தாள் என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் சிவப்பிரகாஷைப் போலவே காலை ஆட்டினான். கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமல் இருக்கிறான் என்று புரிந்து, செல்வப்பிரியா கக்கூஸ் எந்தப் பக்கம் என்று காட்டினாள். போய்விட்டு வந்த பிறகு காலை ஆட்டவில்லை. அதையும் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

‘ங்க’வுக்கான காரணத்தை அவன் மனைவி சிவசங்கரியே சொன்னாள். ஒல்லியான பெண், கழுத்தில் மஞ்சள் கயிறு, கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டிலும் மாத்திரை டப்பாவும்.

“இவுக சீக்கு வரதுக்கு முன்னாடி கஞ்சிக்கோட்டுல இரும்புக் கம்பெனில லோடு ஏத்துனாகம்மா. அங்ஙன எல்லாரும் இப்படித்தான் பேசுவாக. லயத்துக்கு லீவுல வந்தா எங்க மாமியா வேலுத்தாயையே ‘என்னங்கம்மா’ம்பாக. அது சிரிக்கும்.”

“அதுதாங்கறேன்,” என்றார் மாரப்பன். “எங்கியோ மலையில பொறந்தவனைக் கஞ்சிக்கோட்டுக்கு எதுக்குக் கூட்டியாந்துச்சு? முன்னாடியே முடிவு பண்ணி வெச்சிருக்குது.”

சிவசங்கரி செல்வப்பிரியாவைப் பார்த்தாள். செல்வப்பிரியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

இருதயம் மாறினால் ஆளும் மாறி வருவானா என்று அந்த வீட்டில் வாதமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. நடந்தது. கோவைப் பக்கம் டயர் கடை வைத்திருக்கும் பூபதிராஜா, யூடியூபில் கண்ணாடி போட்ட ஒருவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து வாதத்தைத் தொடங்கினான்.

“மனசுங்கறது மூளையில மட்டும் இல்லீங்க மாமா. இப்ப சிம்மைக் கழட்டி வேற போனுல போடறோம். போன்தான் வேற. நெம்பர் அதேதானுங்களே?”

“போன் நெம்பர் எல்லாம் போனுலதான் சேவ் பண்ணியிருந்துச்சுங்க,” என்றாள் செல்வப்பிரியா, முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே. “போனு லாரிக்கு அடியில போயிருச்சு.”

பூபதிராஜா தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாரப்பன் தோப்புக்காரர். அவர் தன் வாதத்தைத் தோப்பிலிருந்து எடுத்து வந்தார்.

“ஒட்டு மாங்கன்னு தெரியுமில்ல? அடி மரம் எதா வேணா இருக்கட்டும். ஒட்டுனது எதுவோ அதோட காய்தான் காய்க்கும்.”

“நம்ம கெணத்துல மோட்டாரை மாத்துனீங்களே மாமா, போன பங்குனியில. தண்ணி மாறுச்சுங்களா?” என்றாள் செல்வப்பிரியா.

மாரப்பன் எழுந்து துண்டை உதறினார். “படிச்ச திமிரு,” என்றார், முத்தாத்தாளைப் பார்த்து. அவர் மருமகளிடம் நேராகப் பேச ஆரம்பித்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அடுத்தடுத்த தடவைகளில் மணிகண்டன் நெஞ்சு பொதுச் சொத்தாயிற்று. ஒன்றுவிட்ட அத்தை, பக்கத்துத் தோட்டத்துக்காரி என்று ஒவ்வொருத்தராக வந்து அவன் சட்டை மேல் காதை வைத்துக் கேட்டார்கள். கேட்டு முடித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே காபிக்கு உட்கார்ந்தார்கள். யார் என்ன கேட்டாலும் அவன், “ஆமாங்க” என்றான். இந்தக் கட்டுத்தறி ஞாபகம் இருக்குதா? ஆமாங்க. சின்ன வயசுல இந்த வேப்ப மரத்துல இருந்து விழுந்தது? ஆமாங்க. அந்த மரத்திலிருந்து விழுந்தது கௌசிகா. கேட்டவளும் கௌசிகாதான். அவளுக்கே அது மறந்துபோயிருந்தது.

ஒரு தடவை அவனை மாட்டுக்கொட்டகைக்குள் கூட்டிப் போகப் பார்த்தார்கள். சிவப்பிரகாஷ் வளர்த்த காளை அவனை அடையாளம் காட்டும் என்று மாரப்பனுக்கு எண்ணம். சிவசங்கரி குறுக்கே போய் நின்றாள்.

“டாக்டர் மாடு, கோழி கிட்டப் போகவே கூடாதுன்னுருக்காக. தூசி, சாணி எதுவும் ஆகாது இவுகளுக்கு. புது இருதயத்த ஒடம்பு ஒதறிராம இருக்க, சீக்க எதுத்து நிக்கற தெம்பையே மாத்திரையால அடக்கி வச்சிருக்காக.”

“எம் பையன் பொறந்ததே கொட்டாயி சாணியிலதான், அம்மிணி.”

“உங்க பையன் பொறந்திருப்பாகய்யா. இவுக டிஸ்பென்சரில பொறந்தாக.”

அதற்குப் பிறகு சிவசங்கரிக்கு அந்த வீட்டில் மரியாதை குறைந்துபோனது. மலைக்காரி, வாய் நீளம் என்றார்கள். அவளுக்கு மட்டும் எவர்சில்வர் தம்ளரில் காபி வந்தது. அவள் புருஷனுக்குப் பீங்கான் கப்பில் போனது.

செல்வப்பிரியா இதையெல்லாம் ஒரு ஓரமாக நின்று பார்த்து, உள்ளுக்குள் காறித் துப்பிவிட்டு, பால் சொசைட்டிக்குப் போய் வந்துகொண்டிருந்திருப்பாள். ஆனால் அவளுடையது என்று அந்த விஷயத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது ஒரு ஜோடித் தோடு.

கௌசிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்த வாரமே சிவப்பிரகாஷ் கொழிஞ்சாம்பாறை நகைக்கடைக்குப் போய், சிவப்புக் கல் வைத்த சின்னத் தோடு ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கி வந்திருந்தான். குழந்தைக்கு அப்போது கண்கூட நேராக நிற்காது. “காது குத்தறதுக்கு இன்னும் எத்தனை நாளு இருக்குது, இப்பவே எதுக்கு?” என்று அவள் கேட்டதற்கு, “நான் மடி குடுப்பேன், நீ தட்டத் தூக்கிட்டு வருவே. கும்முனு இருக்கும்” என்றான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. ரோஸ் காகிதத்தில் சுருட்டிய அந்தத் தோடு அவள் பீரோவில், அவள் சேலைகளுக்கு அடியில் இருந்தது. தாய்மாமன் சீரை மாமன் பொண்டாட்டிதான் தட்டில் வைத்துத் தூக்கி வர வேண்டும். அதை அவள் செய்ய வேண்டும். அவன் அவளிடம் கேட்டு, நடக்காமல் போன காரியங்களில், இனியும் நடத்தக்கூடியது அது ஒன்றுதான்.

ஆவணியில் கருப்பராயன் கோயிலில் காதுகுத்து என்று முடிவு செய்துவிட்டு, கௌசிகா வந்து நின்றாள்.

“அண்ணி, அந்தத் தோடு உங்ககிட்டத்தான இருக்குது? குடுங்க. அண்ணன் கையில குடுத்துத் தட்டுல வெச்சர்றோம்.”

“எந்த அண்ணன்?”

கௌசிகா பல்லைக் கடித்துக்கொண்டு, “மணியண்ணன்தான் மடி குடுக்கறாங்க” என்றாள். “சொந்தத் தாய்மாமன் இருக்கறப்ப ஒண்ணுவிட்ட அண்ணன் எதுக்குன்னு அப்பா சொல்லிட்டாங்க.”

“தோட்டை நானே கொண்டு வர்றேன். சொல்லிரு.”

காதுகுத்து அன்று காலையில் கோயில் பக்கம் பனைகளுக்கு நடுவே பந்தல் போட்டு, வாடகை நாற்காலி பரப்பி, சவுண்டு செட் கட்டியிருந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சமையல். குழந்தைக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தது. காது குத்தும் ஆசாரி முனீஸ்வரன் கம்பியைத் துடைத்து வைத்துவிட்டு, நிமிஷத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு வேலந்தாவளத்தில் இன்னொரு காது இருந்தது.

குழாயடியில் சிவசங்கரி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். செல்வப்பிரியா தட்டில் துணி, கொப்பரை, வெல்லம், வெற்றிலை எல்லாம் எடுத்து வைத்து, நடுவில் தோட்டை வைத்துக்கொண்டிருந்தாள்.

“மாத்திரை போட்டாச்சா அவருக்கு?” என்று கேட்டாள்.

“இல்லக்கா. நேரம் தாண்டிருச்சு. தலையில உருமால் கட்டிட்டாகளாம், எந்திரிக்கக் கூடாதாம். கிட்டப் போனா உங்க மாமனாரு, ‘அக்கட்டால நில்லு’ங்கறாரு.” அவள் பாட்டிலை மூடினாள். “அங்க மலையில எங்க மாமியா சோறு திங்க மாட்டேங்குது. சாவுல இருந்து புள்ளைய மீட்டுக் குடுத்து, இப்ப பாலக்காட்டுக்காரகளுக்கு எழுதிக் குடுத்துட்டியான்னு என்னையத்தான் வையுது.”

“அவரு ஏன் ‘ஆமாங்க, ஆமாங்க’ன்னு தலையாட்டறாரு?”

“அழுதுக்கிட்டே கேக்காகளேக்கா. இல்லன்னு சொல்ல வாய் வரல்லங்காக. அதோட,” சிவசங்கரி கொஞ்சம் தயங்கினாள், “லயத்துல இவுகளுக்கு யாரு நாற்காலி போட்டாக? இங்ஙன ராசா மாதிரி வச்சிருக்கீக. அதும் புடிச்சிருக்கு.”

செல்வப்பிரியாவுக்கு அந்த ஆளின் மேல் இருந்த அலட்சியம் அப்போது கொஞ்சம் குறைந்ததா, கூடியதா என்று அவளுக்கே தெரியவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் போனாள்.

மணிகண்டன் பலகையில் கிழக்கு முகமாக உட்கார்ந்திருந்தான். தலையில் உருமால், தோளில் மாலை. முகக்கவசத்தைப் படத்துக்காகக் கழற்றியிருந்தார்கள். சவுண்டு செட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு மாரப்பன் பக்கத்தில் நின்றார். செல்வப்பிரியா நாலு அடி வைப்பதற்குள் முத்தாத்தாள் அவசரமாக எதிரில் வந்தாள். வந்து, தட்டின் விளிம்பைப் பிடித்தாள்.

“அம்மிணி, தட்டைக் கௌசிகிட்டக் குடுத்துட்டு நீ பந்திப் பக்கம் போயிரு. எலை எல்லாம் சரியாப் போடறாங்களான்னு பாரு.”

“ஏனுங்க அத்தை?”

“நல்ல காரியம். ஊரு பாக்கறது. உனக்குத் தெரியாததா?” முத்தாத்தாளின் கண் ஒரு கணம் மருமகளின் நெற்றிக்குப் போய், அங்கிருந்து கழுத்துக்கு இறங்கியது. இரண்டும் வெறுமையாக இருந்தன.

செல்வப்பிரியா தட்டை விடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. ஆனால் பந்தலில் அப்போது வேறு சத்தம் இல்லை.

“அங்க பலகையில உக்காந்திருக்கறது ஆருங்க அத்தை?”

“என்ன கேள்வி இது? நம்ம சிவாதான்.”

“நெசமாவே அவருதானுங்களே?”

“அதுல எனத்த சந்தேகம்?” என்றார் மாரப்பன் அங்கிருந்தே.

“அப்ப எம் புருசன் உசுரோடதான் உக்காந்திருக்கறாரு. நான் எதுக்குங்க பந்திப் பக்கம் போகோணும்?”

இத்தனை மாசமாக எல்லோரும் ஆளுக்கு ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருந்தார்கள். முத்தாத்தாளுக்கு மகன், கௌசிகாவுக்கு அண்ணன், மாரப்பனுக்கு ஊர் முன்னால் ஒரு வாரிசு. புருஷன் என்று ஒரு பங்கு இருப்பது ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. உள்ளே அவனை உயிரோடு வைத்துவிட்டு, வாசலில் அவள் தாலியை அறுத்தபடியே விட்டிருந்தார்கள். பந்தலில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு கிழவர், “கேக்கறது நாயந்தானே” என்றார்.

கௌசிகா கெட்டிக்காரி. நேரம் போகிறது, குழந்தை சிணுங்குகிறது, ஊர் பார்க்கிறது. பக்கத்தில் இருந்தவள் மடியிலிருந்து ஒரு முழம் மல்லிகையைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

“சரிங்கண்ணி. நீங்க சொல்றதும் சரிதான். இந்தாங்க, பூ வெச்சுக்குங்க. அண்ணன் பக்கத்துல வந்து உக்காருங்க. நீங்களே தட்டைக் குடுங்க.”

பூ அவள் முகத்துக்கு நேரே நீண்டது. செல்வப்பிரியா அதைப் பார்த்தாள். அவன் அன்றைக்குச் சொன்னது அப்படியே கிடைக்கிறது: ஒருவர் மடி, ஒருவர் தட்டு. ஒரு பொய்யைத் தலையில் சூடிக்கொண்டால் போதும். சூடிக்கொண்டு, கொள்ளுப்பருப்பைக் கண்ணை மூடி ருசிக்கும் இந்த ஆளின் பக்கத்தில் உட்கார்ந்தால், இனிமேல் எந்தக் காரியத்திலும் அவளை யாரும் ஒதுக்கப் போவதில்லை. சிவப்பிரகாஷ் செத்தான் என்று சொல்லவும் யாரும் மிச்சம் இருக்க மாட்டார்கள். விழுங்கிவிட்டு வெல்லம் கேட்ட அந்த மனுஷன் இல்லாமலேயே போய்விடுவான்.

பந்தலுக்கு வெளியே, செருப்புகள் குவிந்து கிடந்த இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சிவசங்கரி.

“அப்ப எங்க வீட்டுக்காரரு எங்கக்கா போனாக?”

யாரும் திரும்பவில்லை. அவள் மறுபடியும் கேட்டாள்.

“அது அக்கா புருசன்னா, எம் புருசன் எங்க? செத்தது யாரு? அத மட்டும் சொல்லிருங்க. நான் மலைக்குப் போயி எங்க மாமியாகிட்டச் சொல்லணும்ல்ல.”

பலகையில் இருந்தவன் தலையை நிமிர்த்தினான். அந்த வீட்டாரோடு பழக ஆரம்பித்த பிறகு முதல் தடவையாக, அவன் ‘ஆமாங்க’ சொல்லவில்லை.

“பூ வேண்டாம் கௌசி,” என்றாள் செல்வப்பிரியா. “எம் புருசன் செத்துட்டாரு. திருச்சூர்ல செத்தாரு, நான் பக்கத்துல இருந்தேன். ஒப்பிட்டதும் நாந்தான். அவரோட மோட்டாரை எடுத்து இவருக்கு வெச்சாங்க, நல்லாருக்கட்டும். இவரு மணிகண்டன். மாத்திரை நேரம் தாண்டிப்போச்சு, எந்திரிக்க விடுங்க.”

“அப்ப மடி ஆரு குடுக்கறது?” மாரப்பன் ஒரு அடி முன்னால் வந்தார். “ஊரக் கூட்டி வெச்சு மானத்த வாங்கறயா?”

“தாய்மாமன் செத்துப்போயிட்டாருங்க மாமா. மாமன் பொண்டாட்டி இருக்கறேன்.”

மணிகண்டன் உருமாலைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் பலகை மேலேயே வைத்துவிட்டு எழுந்தான். மாலையோடு பந்தலைத் தாண்டி மனைவியிடம் போனான். அவள் மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். செல்வப்பிரியா உருமாலைத் தள்ளி வைத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தாள். தட்டை முன்னால் வைத்தாள். மாரப்பன், “இந்தக் கூத்துக்கு நான் நிக்க மாட்டேன்” என்று சொல்லி, போய்க் காரில் உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினார். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று கண்ணாடியை மட்டும் பாதி இறக்கி வைத்துக்கொண்டார். பூபதிராஜா போனைப் பையில் போட்டுவிட்டுப் பனை மரங்களை எண்ணுவது போல நின்றான்.

குழந்தைக்கு இது எதுவும் விஷயமில்லை. அம்மாவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, தட்டில் இருந்த வெல்லத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, பழகிய மடியாகையால் அத்தை மடியில் ஏறி உட்கார்ந்து, ஒரு அச்சு வெல்லத்தை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது.

“ஆரு மடின்னா என்னங்க, காது கொழந்தையோடதுதானே,” என்று சொல்லிக்கொண்டே முனீஸ்வரன் கம்பியோடு கிட்ட வந்தார். “புடிச்சுக்குங்க அம்மிணி. எனக்கு இன்னும் ஒண்ணு இருக்குது.”

யாராவது வேண்டாம் என்று சொல்வதற்குள் வலது காது முடிந்துவிட்டது. குழந்தை வெல்லத்தைத் துப்பிவிட்டு வீறிட்டது. அந்த வீறலுக்கு மேலே இன்னொரு சத்தம் எழுந்தது. முத்தாத்தாள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்திருந்தாள். “எஞ்சாமி, போயிட்டயா, போயே போயிட்டயா” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். திருச்சூரில் அழவில்லை, காரியத்தில் அழவில்லை. இருதயம் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது, பையன் அதோடு இருக்கிறான் என்று கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அடக்கி வைத்திருந்தவள், நல்ல காரியத்தில் ஆகாது என்று மருமகளை விரட்டிய அதே இடத்தில் உட்கார்ந்து அழுதாள். அதை ஆகாது என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. முனீஸ்வரன் மட்டும் இடது காதையும் முடித்து, தோட்டைத் திருகிவிட்டு, வெற்றிலையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மூணாற்றுக்காரர்கள் பந்தியில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். மணிகண்டன் கொள்ளுப்பருப்பை இரண்டு தடவை கேட்டு வாங்கினான். அது அவனுக்கே பிடித்தது, வேறு யாருக்காகவும் இல்லை. ஆட்டோ வந்ததும் செல்வப்பிரியாவிடம் வந்து நின்றான்.

“எல்லாரும் கேட்டுட்டாங்க, நீங்க ஒருக்காக்கூடக் காது வெச்சுக் கேக்கல. கேக்கறீங்களா?”

“வேண்டாம். ஓடற சத்தம் எல்லா மோட்டாருக்கும் ஒண்ணுதான். மாத்திரையை விட்டுறாதீங்க.”

அவன் தலையாட்டினான். “அப்ப போயிட்டு வர்றனுங்க அக்கா.”

“அட, இன்னும் என்ன ‘ங்க’?” என்று சிவசங்கரி ஆட்டோவுக்குள் இருந்தபடி அவன் முதுகில் குத்தினாள். “ஒழுங்கா நம்ம பேச்சப் பேசுங்க. வீட்டுல ஆத்தா காத்துக்கிட்டுருக்கு.”

செல்வப்பிரியா சிரித்தாள்.

சாயங்காலம் வீட்டில் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தபோது முத்தாத்தாள் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. மீந்த கொள்ளுப்பருப்பு அடுப்பு மேடையில் குண்டானோடு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கேட்டாள்.

“அம்மிணி. இவனுக்கு இவ்வளவு புடிச்சிருக்குதே... அவனுக்குப் புடிக்குமா?”

அவனிடமே கல்யாணத்துக்கு முன்பு கேட்டிருக்கலாம். பெற்று வளர்த்த முப்பது வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். செல்வப்பிரியா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

“புடிக்காதுங்க அத்தை. வாசமே ஆகாது.”

முத்தாத்தாள் வாசற்படியில் உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தால் படவில்லை.

“பின்ன எதுதான் புடிக்கும் அவனுக்கு?”

“முட்டை பப்ஸ். கஞ்சிக்கோடு பேக்கரியில. தெனமும் ஷிஃப்ட் முடிஞ்சா ஒண்ணு. சட்டையெல்லாம் அதோட தூளுதான்.”

முத்தாத்தாள் முகத்தைச் சுளித்தாள்.

“அதென்ன கருமம்,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் அருகே நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, “வேற?” என்றாள்.